ஆணி அடிக்காத முயல் கூண்டு

டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொக், டொக். முயல் தண்ணீர் குடிக்கும் சத்தம் அது. காலியான கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, பண்ணையில் கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அதில் திருகி, பாட்டிலைத் தலைகீழாகக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் எங்கள் அண்ணி. முயல் மூக்கால் முட்டும்போதெல்லாம் நிப்பிளுக்குள் இருக்கும் சின்னக் குண்டு ஏறி இறங்கும். தறி ஓடும்போது அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது. கரண்ட் போய், தெருவில் உள்ள தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும் பகல் வேளைகளில்தான் கேட்கும். யாரோ வெளியே நின்று விரல் நகத்தால் கதவைத் தட்டுவதுபோல இருக்கும். அம்மா ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

போன மாதம் சேலம் டவுனில் செல்லப்பிராணிக் கடை ஒன்றுக்குப் போனேன். என் மகள் முயல் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் முயல் இருக்கிறதாம், அவள் வீட்டில் மட்டும்தான் இல்லையாம். கடையில் முயலுக்கான தண்ணீர் பாட்டில், தழை வைக்கும் கம்பித் தொட்டி, உதிர்ந்த முடியை ஒட்டி எடுக்கும் உருளை, கடித்து விளையாட மரக்கட்டை என்று ஒவ்வொன்றும் பளபளவென்று உறையில் தொங்கியது. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு. இத்தனையையும் அண்ணி சும்மா கிடந்த சாமானை வைத்தே செய்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து, குட்டி போடும் பெட்டிக்குள் போடும் படுக்கை என்று வெள்ளை வெளேரென்று இழை இழையாக ஒரு பொட்டலம். அதைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு" என்று பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். நடுத்தெருவில் நின்று அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

எங்கள் பிறந்த வீடு குமாரபாளையத்தில். முன்னால் வீடு, பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட தறிப்பட்டறை, இரண்டுக்கும் நடுவில் காற்று வரும் ஒரு நடை. தறி ஓடினால் அடுக்கில் இருக்கும் டம்ளர்கூட ஆடும். அப்பா காலமான பிறகு தறிகளை அண்ணன்தான் பார்த்துக்கொண்டான். அண்ணி ஜேடர்பாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர், ஆடு மாடுகளோடு வளர்ந்தவர். வந்த புதிதிலேயே பட்டறை வேலையெல்லாம் பழகிக்கொண்டார். அறுந்த இழைகளை அவர் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்து, பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் தூங்கிய எனக்கே பொறாமையாக இருக்கும். ஆனால் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. ஒன்று ஆரம்பத்திலேயே போயிற்று. இன்னொன்று ஆறாவது மாதத்தில், கையும் காலும் வைத்த பிறகு போயிற்று. அந்த இரண்டாவதுக்குப் பிறகு அண்ணி சிரிப்பதை நிறுத்திவிட்டார் என்று சொல்லமாட்டேன். சிரிப்பார். சிரித்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல வாயை மூடிக்கொள்வார்.

மூன்றாவதாக உண்டானபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருந்தால் பழையதையே நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அண்ணன்தான் முயல்களைக் கொண்டுவந்தான். நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டும் சிநேகிதன் ஒருவன் ஒரு ஜோடியைக் கொடுத்தான். கூடவே பண்ணையில் கழித்துப்போட்ட கோழிக்கூண்டு ஒன்றையும் ஏற்றி அனுப்பினான். அம்மாவுக்கு முயலைப் பார்த்ததிலிருந்தே பிடிக்கவில்லை.

"ஏன்டா, சத்தமே போடாத சீவன ஊட்டுக்குள்ள வெக்கலாமாடா? நாயின்னா கொலைக்கும், கோழின்னா கூவும். இது வலிச்சாலும் சொல்லாது, செத்தாலும் சொல்லாது. புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுக்கு இது ஆகாது" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏம்மா, நீ போடற சத்தம் பத்தாதா?" என்றேன். அண்ணி சிரித்து, வாயை மூடிக்கொண்டார்.

அம்மா அதோடு விடவில்லை. முயல் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் கூண்டுக்காக வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் ஓட்டை போடக் கூடாது, இருக்கும் ஓட்டையை அடைக்கவும் கூடாது. அடித்தால் அது பிள்ளைக்கு ஊனமாகப் போய்ச் சேரும் என்பது அவள் நம்பிக்கை. போன தடவை ஆறாம் மாதத்தில் அண்ணன் சாமி படம் மாட்ட ஆணி அடித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. "ஆணி எதுக்குங்க அத்தை? நூலு கெடக்குதே. இருக்கறத வெச்சுப் பண்ணிக்கலாமுங்க" என்றார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அவர் சொல்வது இதுதான். இருக்கிறதை வைத்துப் பண்ணிக்கொள்ளலாம்.

அப்படித்தான் நடையில் ஆணியே இல்லாமல் அந்தக் கூண்டு உருவானது. கோழிக்கூண்டின் தளம் முட்டை உருண்டு வெளியே வருவதற்காகச் சரிவாக இருக்கும். ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சமன் செய்தார். கம்பித் தளத்தில் நின்றால் முயலின் பாதம் புண்ணாகும் என்று மூங்கில் பட்டைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தறியின் பாவு நூலால் கம்பியோடு கட்டினார். பழைய டேபிள் ஃபேனின் முன்பக்கக் கூண்டைக் கழற்றிப் பக்கவாட்டில் கட்டி அதற்குள் கடலைக்கொடியைச் சொருகினார். முயல் கம்பி இடுக்கு வழியாக இழுத்து இழுத்துத் தின்னும், கொடி காலில் மிதிபடாது. கடித்துப் பல் தேய்க்க நூல் தீர்ந்த காகிதக் கோன், முட்டை அட்டை. தட்டிவிடாமல் இருக்கத் தீவனத்துக்குக் கனமான மண் மடக்கு. உடையில் ஒட்டும் முயல் முடியை எடுக்க, ஒரு கோனின் மேல் பார்சல் ஒட்டும் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி சுற்றி வைத்திருந்தார். சேலையில் அதை ஒரு உருட்டு உருட்டினால் அவ்வளவு முடியும் வந்துவிடும். அதைப் பார்த்து அண்ணன், "இத விக்கலாம்டி" என்றான். புடவைக்கடை டெலிவரிக்கு அண்ணன் போட்டுக்கொண்டு போகும் சட்டையை நானும் அதில்தான் துடைத்தேன்.

சித்திரை பிறந்ததும் வெயில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். சிமெண்ட் ஷீட்டின் கீழே நின்றால் உச்சந்தலை வெந்துவிடும். அண்ணி கூண்டின் மூன்று பக்கமும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை ஃபிரிட்ஜில் உறையவைத்துக் கூண்டுக்குள் படுக்கவைப்பார். முயல்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடும். ஒருநாள் காலையில் போன கரண்ட் சாயங்காலம்வரை வரவில்லை. பாட்டில்கள் உருகிவிட்டன. அண்ணி சாக்கை நனைத்து நனைத்துப் போட்டார், காதுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்டை தாங்கியது. ஆண் முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, சத்தமே இல்லாமல் செத்தது. அம்மா சொன்ன மாதிரியே.

பிள்ளைத்தாய்ச்சி சாவைப் பார்க்கக் கூடாது என்று அம்மா அண்ணியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். எதைப் பார்க்கக் கூடாது என்கிறாளோ அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் அதற்குமுன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணன் அதை ஆற்றோரம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தான். மறுநாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கென்னமோ இது சரியாப் படல அம்மிணி. ஒண்ணு போயிருச்சு. இன்னொண்ணையும் குடுத்தரச் சொல்லு உங்கொண்ணன்கிட்ட" என்றாள். அண்ணன் கேட்டான். அண்ணி கொடுக்கமாட்டேன் என்றார். பெட்டை சினையாக இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒரே கூரையின் கீழே இரண்டு வயிறு. அந்த முயலுக்கு அண்ணி வெள்ளச்சி என்று பேர் வைத்திருந்தார். வெள்ளச்சி தின்றதா, வெள்ளச்சி படுத்ததா என்று அண்ணன் பட்டறையிலிருந்து வந்து வந்து பார்த்துப் போவான். முயலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது பயம் வந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு அடி அடிக்கும். மூங்கில் பட்டையில் அந்த அடி விழும்போது பலகை முறிவதுபோலக் கேட்கும். அம்மா உடனே அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள். அண்ணி கையை வயிற்றில் வைத்துக்கொள்வார். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கேலி செய்துகொண்டிருந்த நானும் அடி கேட்டால் அண்ணியைத்தான் பார்த்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வரும்.

வெள்ளச்சி குட்டி போடும் நாள் நெருங்கியபோது நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி அண்ணி பெட்டி தயார் செய்தார். உள்ளே தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் போட்டார். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அம்மா மேலே பரணில் ஏறி ஒரு தலையணை உறையை இறக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் வெள்ளைக் கழிவு நூல். தறியில் அறுந்து விழுவதிலேயே நைசான நூலாகப் பொறுக்கி, அலசி, வெயிலில் காயவைத்து அவள் மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது. பிறக்கப்போகும் பேரக்குழந்தையின் மெத்தைக்கு என்று. எங்கள் ஊரில் கை துடைக்க, தலையணை திணிக்க, விளக்கு துடைக்க எல்லாவற்றுக்கும் கழிவு நூல்தான். அதில் பாதியை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

"நாரு குத்துமில்ல, பச்ச ஒடம்பு. இதப் போடு. அதும் ஒரு புள்ளத்தாச்சி தான" என்றாள். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அம்மா என்று ஒரு மனுஷியை அதுவரை நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

வெள்ளச்சி தன் நெஞ்சு முடியைப் பிடுங்கிப் பிடுங்கி நூலோடு சேர்த்து மெத்தென்று கூடு கட்டிக் குட்டிகளைப் போட்டது. ரோஸ் நிறத்தில், கண் திறக்காமல், விரல் நீளத்துக்கு. அம்மா சர்க்கரை எடுத்து எல்லார் வாயிலும் போட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் சத்தமாகப் பேசினோம். அண்ணி சிரித்தார், வாயை மூடிக்கொள்ளாமல்.

ஒருநாள் காலை அண்ணி குட்டிகளை எண்ணப் போனவர் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வயிறு இடிக்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மடியில் கூட்டைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு குட்டி செத்துக்கிடந்தது. கழுத்தில் ஒற்றை இழை. நெளிந்து நெளிந்து புரண்டதில் நூல் சுற்றி, ஒவ்வொரு நெளிவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது. இன்னொன்றின் பின்னங்காலில் அதே மாதிரி இழை. பாதம் கத்தரிக்காய் நிறத்தில் உப்பியிருந்தது. சத்தமே இல்லை. வலியில் கிடந்த அந்தக் குட்டி ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அண்ணி என்னைப் பார்க்காமலே, "தறி அச்சுல எழை கோக்கற கொக்கியக் கொண்டா அம்மிணி, பிளேடும் கொண்டா" என்றார். தட்டையான அந்தக் கொக்கியை நூலுக்கும் தோலுக்கும் இடையில் நுழைத்து லேசாகத் தூக்கி, பிளேடால் தொட்டார். நூல் அறுந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பாதம் காய்ந்து கறுத்துச் சில நாளில் தானாக உதிர்ந்துவிட்டது.

அம்மா அன்று சாப்பிடவில்லை. "நாந்தான குடுத்தன், நாந்தான குடுத்தன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பரணில் மீதி இருந்த நூலை எடுத்து அடுப்பில் போட்டாள். "அத்தை, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க குடுத்தீங்க" என்று அண்ணி தேற்றினார். தேற்றினாரே தவிர, அன்றிலிருந்து அண்ணி மாறிவிட்டார். நூலைக் கண்டால் ஆகாது. நூலில் பிழைக்கும் வீட்டில், சாப்பாட்டுத் தட்டில்கூடப் பஞ்சு பறக்கும் ஊரில், நூலைக் கண்டால் பயம். கூண்டில் போட்டிருந்த முடிச்சுகளையெல்லாம் தேடித்தேடித் தொங்கும் நுனிகளை வெட்டினார். சேலை முந்தானையின் குஞ்சங்களை வெட்டினார். தரையைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். அண்ணன் பட்டறையிலிருந்து வந்தால் நடையிலேயே நிறுத்தி டேப் உருளையால் உச்சி முதல் கால்வரை உருட்டித்தான் உள்ளே விடுவார். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

ஆடி மாதம் குழந்தை பிறந்தது. பெண். உயிரோடு, முழுசாக, வீல் என்று கத்திக்கொண்டு. ஆஸ்பத்திரி நடையில் அம்மா தரையில் உட்கார்ந்து அழுத அழுகையில் நர்ஸ் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். பயம் இத்துடன் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். தீரவில்லை. இனிமேல்தான் பறிகொடுப்பதற்கு ஒன்று வீட்டில் இருந்தது.

குழந்தைக்கு இடுப்பிலும் காலிலும் கறுப்புக் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். அம்மா கோயிலில் வைத்துப் பூசை செய்து கயிறு கொண்டுவந்தாள். அண்ணி கட்டவிடவில்லை.

"வேண்டாமுங்க அத்தை."

"என்ன கண்ணு பேசற? பொறந்த புள்ளய வெறும் இடுப்போட வெச்சிருந்தா ஊரு கண்ணெல்லாம் அதும் மேலதான விழுகும்."

"விழுந்தா விழுகட்டுமுங்க. கயிறு வேண்டாமுங்க. மை வேணா வெச்சுக்கலாம்."

"ரெண்டு போயிருக்குது. மறந்துட்டயா?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவுக்கும் அது தெரிந்தது. கயிற்றை மடித்துப் பூசை அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு குழந்தையின் கன்னத்தில் அவள் வைத்த மைப்பொட்டு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. "புள்ளைக்குப் பொட்டா, பொட்டுக்குப் புள்ளையா?" என்று நான் கேட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தூளிச்சேலையை அண்ணி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துப் பிசிறை வெட்டினார், டேப்பால் உருட்டினார், அதற்குப் பிறகுதான் குழந்தையைப் போடுவார். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்.

குழந்தைக்குக் கழுத்து நின்ற சமயம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மத்தியானம் பால் குடித்துத் தூங்கிய குழந்தை திடீரென்று அழ ஆரம்பித்தது. அண்ணி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தார். அம்மா தூக்கி உலாத்தினாள். நிற்கவில்லை. பசி அழுகை இல்லை, தூக்க அழுகை இல்லை. மூச்சை உள்ளே இழுத்து, நீலம் பாய்ந்து, பிறகு வீரிடும். "உரம் விழுந்திருச்சாட்ட இருக்குது" என்று அம்மா சுளுக்கு எடுக்க முறத்தில் போட்டு உருட்டப் பார்த்தாள். பிறகு, "கயிறு கட்டவுடுல்ல, பாத்தயா? கண்ணு பட்டிருச்சு" என்று உப்பும் மிளகாயும் எடுக்க அடுப்படிக்கு ஓடினாள். நடையில் வெள்ளச்சி பின்னங்காலால் அடித்தது. மறுபடியும் அடித்தது. அண்ணி மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். குழந்தையைப் பாயில் போட்டுத் துணியை உருவினார். கை விரல்கள். கழுத்து மடிப்பு. இடுப்பு. கால் விரல்கள். இடது காலின் நடுவிரலில் வந்து அவர் கை நின்றது.

அந்த நிறத்தை எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். விரல் அடியில் ஒரு பள்ளம், அதற்கு மேலே கத்தரிக்காய் நிறம். சுற்றியிருப்பது எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, சதை அதன்மேல் மூடியிருந்தது. நான் அச்சுக் கொக்கியையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். அண்ணி அதைப் பார்த்தார்.

"வேண்டாம் அம்மிணி. இது இருக்கறத வெச்சுப் பண்ற வேலையில்ல. உங்கொண்ணன வண்டியெடுக்கச் சொல்லு, வெரசா" என்றார்.

மழையில் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை குழந்தை கத்தியது. பாலத்தின் நடுவில் திடீரென்று அழுகை நின்றுவிட்டது. அழுது களைத்துத் தூங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரியாது. அண்ணி அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன், வேறு எங்கும் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

டாக்டர் பெரிய லென்ஸை வைத்துப் பார்த்து, நுனி கூரான கத்தரியால் வெட்டி, இடுக்கியால் மெதுவாக உருவினார். "நல்லவேளை, உடனே கவனிச்சீங்க. விட்டிருந்தா விரல் போயிருக்கும்" என்றார். அண்ணி, "நூலுங்களா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் இடுக்கியில் பிடித்திருந்ததை வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்து நீட்டினார். "நூல் இல்லீங்க, தலைமுடி. பிள்ளை பெத்தவங்களுக்கு இந்தச் சமயத்துல முடி கொட்டும். குழந்தைங்க விரல்ல இப்படிச் சுத்திக்கறது உண்டு" என்றார். பஞ்சின்மேல் நீளமான கறுப்பு முடி சுருண்டு கிடந்தது. என் முடி சுருட்டை. அம்மாவினுடையது நரை. அது அண்ணியின் முடி. ஊரில் உள்ள நூலையெல்லாம் வீட்டுக்குள் வராமல் காவல் காத்தவர், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுகிறாள். கால் நடுவிரலின் அடியில் மோதிரம் போட்டுக் கழற்றியதுபோல ஒரு தடம் இருக்கிறது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது. அவளிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அண்ணி குழந்தையை அம்மாவின் மடியில் விட்டுவிட்டுப் பட்டறைக்குள் போனார். நூல் வெட்டும் கத்தரியோடு வந்து நடையில் உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார். இடுப்புக்குக் கீழே விழும் முடி. கல்யாணத்தில் அலங்காரம் செய்தவள் சவுரியே வேண்டாம் என்று மெச்சிய முடி. பிடரியோடு சேர்த்துப் பிடித்து, நான் கத்துவதற்குள் அறுத்துவிட்டார்.

"அடிப்பாவி!" என்றாள் அம்மா. "கட்டுனவன் கல்லாட்டம் இருக்கையில முடிய அறுக்கறயேடி! ஊட்டுக்கு ஆகுமா இது?"

"முடி வளருமுங்க அத்தை" என்றார் அண்ணி. "வெரலு வளருங்களா?"

மடியில் இருந்த குழந்தை அம்மாவின் தோளில் அவிழ்ந்து கிடந்த நரைமுடியை ஒரு கைப்பிடி பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொரு முடியாக விடுவித்தாள். வெகு நேரம் பிடித்தது. பிறகு குழந்தையை அண்ணனிடம் நீட்டிவிட்டு, நகர்ந்து போய் அண்ணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கும் வெட்டிவுடு சாமி."

அண்ணி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த ஆறாவது மாதத்துப் பிள்ளைக்காகவும் சேர்த்து அழுதார். அம்மா தடுக்கவில்லை. அழுது முடித்த பிறகு கத்தரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நரைமுடி கொத்தாகத் தரையில் விழுந்தது. முடிந்ததும் இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் சடையைப் பார்த்தார்கள்.

"வாற ஞாயித்துக்கெழமை என்னப் பொண்ணு பாக்க வாராங்களேம்மா" என்றேன்.

"வரட்டும். பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம். நீயுந்தான புள்ளயத் தூக்கற? உக்காரு."

சடையைப் பிரித்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.